நாலரைக்கு முடிந்த வகுப்பு

என் மகள் பொய் சொல்கிறாள் என்பதை எனக்கு முதலில் காட்டிக்கொடுத்தவை அவளுடைய கால் நகங்கள்.

பள்ளி விட்டு வந்ததும் குழாயடியில் கால் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வருவாள். நல்ல பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மருதாணி வைத்துவிட அவள் காலை என் மடியில் இழுத்துப் போட்டபோது, பெருவிரல் நகத்தின் இடுக்கில் கறுப்பாக ஒரு கோடு தெரிந்தது.

ஏரிக்கரையில் பிறந்தவளுக்குச் சேறு எல்லாம் ஒன்றல்ல. பள்ளிக்கூடம் இருப்பது மணல்மேட்டில்; அங்கே விழுந்து புரண்டாலும் உதறினால் போய்விடும். எங்கள் தெருவில் கிளிஞ்சல் கலந்த சாம்பல் மண். நகத்துக்குள் புகுந்து மூன்று நாளானாலும் போகாத, அழுகின முட்டை நாற்றமடிக்கும் கறுப்புச் சேறு ஒரே ஓர் இடத்தில்தான் உண்டு. கால்வாய் வந்து ஏரியில் சேரும் மூலை. பள்ளியிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் அந்த மூலை இல்லை. நேர் எதிர்த் திசையில் இருக்கிறது. அங்கே கைவிடப்பட்ட இறால் பண்ணை ஒன்றும், கூரை பாதி போன மோட்டார் கொட்டகை ஒன்றும் உண்டு. வேலையில்லாத பையன்கள் செல்போனோடு உட்கார்ந்திருக்கும் இடம்.

"இன்னாடி இது?"

"இன்னாது?"

"சேறு."

"ஸ்கூலுக்குப் பின்னாடி தண்ணி வந்துச்சும்மா."

கண் இமைக்காமல் சொன்னாள். பள்ளிக்கூடத்தின் பேரை முன்னால் வைத்தால் நான் மேற்கொண்டு கேட்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

"எங்க ஸ்கூல்" என்று அவள் சொல்வது, புதிதாகக் கல்யாணம் ஆனவள் "எங்க வீட்டுக்காரர்" என்று சொல்வது மாதிரி இருக்கும். பத்தாம் வகுப்போடு முடிந்துவிடுகிற ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. சுற்றுச்சுவர் மூன்று பக்கம்தான். மாடியில் நின்றால் ஒரு பக்கம் ஏரியும் மறுபக்கம் கடலின் கோடும் தெரியும். ஆய்வகத்தில் கண்ணாடிக் குப்பிக்குள் ஒரு கடல்குதிரை; அதன் வால் ஒடிந்திருப்பதைக்கூடப் பெருமையாகத்தான் சொல்வாள். பொன்னேரியில் ஆங்கில வழியில் படிக்கும் என் அக்கா மகன் ஒருமுறை, "உங்க ஸ்கூல்ல ஸ்விம்மிங் பூல்கூட இல்லியாமே" என்று சீண்டினான். "எங்க ஸ்கூலாண்ட ஏரியே கீது. நீ போய் கொழாத் தண்ணில நீச்சல் கத்துக்கோ" என்றாள்.

பத்தாவதில் சேர்ந்தவர்களில் ஒருவர்கூட நடுவில் நின்றுவிடாமல் பரீட்சை எழுதவேண்டும் என்பது அந்தப் பள்ளியின் வைராக்கியம். அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். ஒருத்தி வராவிட்டால், அதே பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவள் அன்று மாலையே அவள் வீட்டுக்குப் போய்ப் பார்க்கவேண்டும். மறுநாள் காலை வகுப்பில் எழுந்து நின்று காரணம் சொல்லவேண்டும். "மத்த ஸ்கூல்ல வரலனா அப்சென்ட்டுனு எழுதிக்குவாங்க. எங்க ஸ்கூல்ல நாங்க போய் இட்டுகினு வருவோம்" என்பாள். நான் மீன் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். காதில் விழுந்தது, மனசில் விழவில்லை.

என் மனசு வேறு கணக்கில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தின்மேல் இத்தனை ஆசை எதற்கு? நானும் படித்தேன், எனக்கும் என் பள்ளி பிடித்திருந்தது, ஆனால் ஐந்து மணிக்கு வீட்டில் இருந்தேன். இவள் ஆறரைக்கு வருகிறாள். ஸ்பெஷல் கிளாஸ் என்கிறாள். சனிக்கிழமையும் ஸ்பெஷல் கிளாஸ்.

நான் பி.காம். படித்தவள். படித்தவர்களுக்குச் சந்தேகம் குறைவாக வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சந்தேகப்பட இன்னும் நாலு காரணம் கிடைக்கும், அவ்வளவுதான். என் வேலையும் அப்படிப்பட்டது. பழவேற்காடு கடைத்தெருவில், ஆன்லைனில் விண்ணப்பங்கள் போட்டுத் தரும் கடையில் உட்காருகிறேன். பிறந்த தேதியைச் சுரண்டித் திருத்தியவர்கள், இரண்டு இடத்தில் ரேஷன் கார்டு வைத்திருப்பவர்கள் எல்லோரும் என் மேசைக்குத்தான் வருவார்கள். காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் ஸ்கேன் செய்வேன். கடைக்காரர் பாய் சிரிப்பார். "நீ போலீஸ்ல சேந்திருந்தா இந்த பஜார்ல பாதிப் பேரு உள்ள இருப்பாங்கம்மா. நல்ல வேளை, எங்கிட்ட வந்த."

அந்தக் கண்ணை மகள்மேல் திருப்பினேன். அவள் பையின் அடியில் பாலித்தீன் உறைக்குள் பாதி காய்ந்த பழைய சுடிதார் ஒன்று இருந்தது. அதன் கழுத்துப் பட்டி வரை உப்புப் பூத்திருந்தது. இரண்டு நாள் கழித்து அவளால் முறுக்கைக் கடிக்க முடியவில்லை. தாடை வலி என்றாள். வாயோரம் லேசாகக் கன்றிப்போயிருந்தது. யாரோ அடித்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். மோட்டார் கொட்டகை, பையன்கள், வாயோரக் கன்றல். மூன்றையும் நானே கோத்தேன். அன்று கடையில் வேறு வேலைக்கு நடுவே பொன்னேரிப் பள்ளி ஒன்றின் சேர்க்கைப் படிவத்தை அச்செடுத்து, மகள் பேரை எழுதி, மேசை இழுப்பறையில் வைத்தேன்.

மறுநாள் தலைமையாசிரியையைப் போய்ப் பார்த்தேன்.

"ஸ்பெஷல் கிளாஸ் எத்தனை மணி வரைக்கும் மேடம்?"

"நாலரைக்கு முடிஞ்சிடும்மா. தூரத்துலேந்து வர்ற பிள்ளைங்க இருக்காங்களே. சனிக்கிழமை கிடையாது. ஏம்மா?"

"சும்மாதான்."

"உங்க பொண்ணைப் பத்தி நீங்க கவலையே படவேண்டாம். அவ எங்க பொண்ணு."

அந்த 'எங்க' என்னைச் சுட்டது. இந்த அம்மாவுக்கும் ஏதோ தெரியும், மறைக்கிறார் என்று தோன்றியது. நாலரைக்கும் ஆறரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் இருந்தது. அதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நேராகப் போய்ப் பார்த்திருக்கலாமே என்று கேட்கலாம். கால்வாய் மூலைக்கு நான் போனால் போவதைப் பத்துப் பேர் பார்ப்பார்கள். இந்தம்மாவுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பார்கள். இரண்டே நாளில் என் மகள் பேர் வலை உலர்த்தும் இடமெல்லாம் கிடக்கும். கணவரிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அவர் கத்தியிருப்பார். அவர் கத்தினால் அந்தப் பத்துப் பேருக்கும் கேட்கும். அதனால் மகளின் பேரே வராத ஒரு வழியைத் தேடினேன். எங்கள் ஊர்க்காரிக்கு மட்டுமே தோன்றக்கூடிய வழி.

எங்கள் ஏரியில் நினைத்த இடத்தில் நினைத்த நாளில் வலை கட்ட முடியாது. எந்த இடம் எந்த நாளில் யாருக்கு என்பதை ஊர்ப் பஞ்சாயத்தில் சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். அப்படி ஒருவருக்கு வந்த முறைக்குப் பாடு என்று பேர். தன் பாடு வரும் நாளில் அந்தத் தண்ணீர் அவருக்குச் சொந்தம். பொழுது சாய்ந்து தண்ணீர் வடியும்போது அவர் வலை கட்டுவார். அதுவரை வேறு யாரும் அங்கே இறங்கித் தண்ணீரைக் கலக்கக் கூடாது. கலக்கினால் இறால் சிதறிவிடும். இதில் அண்ணன் தம்பி என்றுகூடப் பார்க்கமாட்டார்கள்.

கால்வாய் மூலைப் பாடு அந்தச் செவ்வாய்க்கிழமை என் கொழுந்தனுக்கு. காலையில் அவர் வீட்டு வாசலில் நின்று சொன்னேன்.

"உங்க பாட்டுத் தண்ணில யாரோ எறங்கிக் கலக்கறாங்கனு கேள்விப்பட்டேன். நாலரைக்கு மேல போய்ப் பாருங்க."

"எவன் அண்ணி அவன்?"

"தெரியல. கொட்டகையாண்டகூடப் பாருங்க."

நான் எதையும் கேள்விப்படவில்லை. பாடு விஷயம் என்றால் ஆண்கள் உடனே போவார்கள், கொட்டகையில் இருப்பவனைப் பிடித்து இழுத்து வருவார்கள், அவன் யாரென்று எனக்குத் தெரிந்துவிடும். இதுதான் என் திட்டம்.

கடையில் தலைவலி என்று சொல்லிவிட்டு நாலு மணிக்கே கிளம்பினேன். பண்ணைக் கரையில் வேலிக்கருவைக்குப் பின்னால் நின்றேன். கொட்டகை காலியாக இருந்தது. என் கொழுந்தனும் இன்னும் இரண்டு பேரும் தோணியைக் கழியால் தள்ளிக்கொண்டு மூலை திரும்பினார்கள்.

தண்ணீரில் மூன்று தலைகள் தெரிந்தன.

கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். வலையும் தோணியும் பாடும் இல்லாத குடும்பங்கள் எங்கள் பக்கம் இப்படித்தான் பிழைக்கின்றன. கழுத்தளவு தண்ணீரில் முட்டி போட்டுக்கொண்டு, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவியபடி நகர்வார்கள். கைகள் இரண்டும் வேலையில் இருப்பதால் பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருப்பார்கள். அகப்பட்டதை அதற்குள் போடுவார்கள்.

"ஏறுங்க மேல! யார் பாட்டுல வந்து கை வெக்கறீங்க?" கொழுந்தனின் குரல் கரை வரை கேட்டது.

முதல் தலை எழுந்து நின்றது. பறியை வாயிலிருந்து எடுத்துவிட்டு அந்த அம்மா கும்பிட்டாள். "ஓரமாத்தான் தடவிக்கினு இருந்தோம் அண்ணே. இன்னிக்கு உங்க மொறைனு தெரியாது."

இரண்டாவது எழுந்தது அவள் மகள். அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். என் மகளோடு ஒரே பெஞ்சில் உட்காருகிறவள். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறாள்.

மூன்றாவது தலை திரும்பியது. வாயில் பறி. பேச முடியவில்லை. கண்கள் மட்டும் இருந்தன.

"ஐயே, நீயா?" என்றார் கொழுந்தன். கழி அவர் கையிலிருந்து நழுவியது. பதறிக் கரையைப் பார்த்தவர் என்னைப் பார்த்துவிட்டார். நான் எப்போது மறைவிலிருந்து வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியவில்லை. "அண்ணி! நீங்க எப்டி இங்க வந்தீங்க?"

அந்தக் கேள்வி என் மகள் காதில் விழுந்தது. கேட்டதும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பறியை மெதுவாக வாயிலிருந்து எடுத்தாள்.

முறைப்படி பறிகளைப் பிடுங்கினார்கள். பஞ்சாயத்தில் தீரும்வரை அந்தக் குடும்பம் ஏரியின் எங்கள் பக்கத்தில் இறங்கக்கூடாது என்றார்கள். என் மகளுடையதை மட்டும் கொழுந்தன் திருப்பி நீட்டினார்.

"நீ வூட்டுக்குப் போம்மா. உனுக்கு ஒண்ணும் இல்ல."

"மூணு பறியையும் எடுத்துக்கினு போங்க சித்தப்பா. எனுக்கு மட்டும் ஏன் குடுக்கறீங்க? நானுந்தான் தடவுனேன்."

வீட்டுக்கு நடந்தோம். அவள் முன்னால், நான் பின்னால். பாதி தூரம் வந்ததும் திரும்பாமலே கேட்டாள்.

"நீதான சொன்ன?"

பதிலுக்கு நிற்காமல் அவளே சொல்லிக்கொண்டு போனாள். அந்தப் பெண்ணின் அப்பாவுக்குக் காலில் புண், தண்ணீரில் இறங்க முடியாது. அதனால் அவள் விடியலிலேயே அம்மாவோடு ஏரிக்குப் போகத் தொடங்கி, பள்ளிக்கு வராமல் நின்றிருக்கிறாள். பெஞ்சுக்காரி என்ற முறையில் இவள் போய்ப் பார்த்திருக்கிறாள். அந்த அம்மா, "சாயங்காலமே பறி ரொம்பிட்டா காலைல அனுப்பறேன்" என்று சொல்லியிருக்கிறாள். சாயங்காலம் பறி நிரம்ப இன்னும் இரண்டு கைகள் வேண்டும்; இவள் கைகள் சேர்ந்ததிலிருந்து அந்தப் பெண் பள்ளிக்கு வருகிறாள். அவ்வளவுதான். அந்த இரண்டு மணி நேரம் முழுக்க அவ்வளவுதான்.

"என்னாண்ட சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னா வுட்டிருப்பியா? அன்னிக்கு அவ தண்ணி குடிச்ச டம்ளரை எத்தினி வாட்டி கழுவின? அவ வாசல்ல நின்னு பாத்துக்கினுதான் இருந்தா."

எனக்கு அது ஞாபகமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஞாபகம் இருந்தது.

மறுநாள் அந்தப் பெண் பள்ளிக்கு வரவில்லை. அன்று மாலை என் மகள் சரியாக ஐந்து மணிக்கு வீட்டில் இருந்தாள். அதைப் பார்க்கத்தான் நான் அத்தனையும் செய்தேன். பார்க்கச் சகிக்கவில்லை.

மூன்றாம் நாள் நானே கேட்டேன். "கிளாஸ்ல எழுந்து நின்னு காரணம் சொல்லணும்ல. இன்னா சொன்ன?"

"உண்மைய சொன்னேன்."

"இன்னா உண்மை?"

"எங்க அம்மா சொல்லிக் குடுத்துட்டாங்க, அதனால அவங்க ஏரில எறங்கக்கூடாதுனுட்டாங்கனு சொன்னேன். எங்க ஸ்கூல்ல பொய்க் காரணம் சொல்லக்கூடாது."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. பள்ளியின் முறையை எனக்கு விளக்குகிற குரல். ஒரு வகுப்பு முழுக்கப் பிள்ளைகள் உட்கார்ந்திருக்க, என் மகள் எழுந்து நின்று கைகட்டிக்கொண்டு இதைச் சொல்லியிருக்கிறாள். நான் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தண்ணீர் ஊற்றினேனா இல்லையா என்று மறுபடி திறந்து பார்த்தேன்.

எளாவூர்ப் பக்கம் இறால் பண்ணையில் குடும்பத்தோடு தங்கி வேலை செய்யக் கூப்பிடுகிறார்கள், ஞாயிற்றுக்கிழமைக்கு அப்புறம் போய்விடுவார்கள் என்றும் சொன்னாள். போனால் பத்தாவது பரீட்சை அவ்வளவுதான். பள்ளி இத்தனை காலம் காத்துவந்த வைராக்கியம் என்னால் முறியும். என் மகளுக்கு இனி நான் யார் என்பதும் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் முடிவாகும் என்று தோன்றியது.

கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. "எங்கிட்ட சொல்லாம எந் தம்பிகிட்ட போய்ச் சொன்னியே" என்று மட்டும் சொல்லிவிட்டு வலையைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஞாயிறு காலை கோயில் முன்னால் பஞ்சாயத்து. பெண்கள் அங்கே பேசுவதில்லை. நான் போய் நின்றேன்.

"யாரோ பாட்டுல எறங்குனாங்கனு நான் சொன்னது பொய். நான் யாரையும் பாக்கல, யாரும் எனக்குச் சொல்லவும் இல்ல" என்றேன்.

தலைவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆனா ஆளுங்க இருந்தாங்களேம்மா. அப்ப அது எப்டி பொய்யாவும்?"

"நான் பாக்காமதான் சொன்னேன்."

"பாக்காம வலை போட்டாலும் வுழுந்த மீன் மீன்தானே" என்றார் பக்கத்தில் இருந்தவர். சிரித்தார்கள். நான் எதற்காகப் பொய் சொன்னேன் என்று அங்கே யாரும் கேட்கவில்லை. கேட்காதது இரக்கத்தினாலா, ஏற்கெனவே தெரிந்ததனாலா என்று இன்றுவரை யோசிக்கிறேன். ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

முறை முறைதான் என்றார் தலைவர். அப்போது என் கணவர் எழுந்தார். "எம் பாடு வர்ற அன்னிக்கு வலை கட்றதுக்கு முந்தி அவங்க தடவிக்கட்டும். எந் தண்ணி, நான் வுடறேன். அதுல ஒண்ணும் மொறை கெடல இல்ல?" கெடவில்லை என்று ஒப்புக்கொண்டார்கள். கொழுந்தன் தரையைப் பார்த்துக்கொண்டே, "என்னுதுலயும் தடவட்டும்" என்றார். இன்னும் இரண்டு பேர் தலையாட்டினார்கள். பலர் ஆட்டவில்லை. மூன்று பறிகளும் திரும்பி வந்தன.

அது அந்தக் குடும்பத்துக்குப் போதாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அவர்கள் எளாவூருக்குப் போகவில்லை. புதன்கிழமை அந்தப் பெண் பள்ளிக்கு வந்தாள். என் மகள் இதை என்னிடம் சொல்லவில்லை. தன் அப்பாவிடம் சொன்னாள். "நைனா, இன்னிக்கு எங்க கிளாஸ் ஃபுல்லு." நான் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டு கேட்டேன். இழுப்பறையில் இருந்த பொன்னேரிப் படிவத்தை மறுநாள் கிழித்துப் போட்டேன். அவள் ஆறரைக்கு வருவதைப் பற்றி அதன்பிறகு நான் எதுவும் கேட்கவில்லை. ஆனால் ஆறே காலிலிருந்து வாசலைப் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

பரீட்சைக்கு முந்தைய மாதம், பதினொன்றாம் வகுப்புக்கு வேண்டிய சான்றிதழ்களுக்கு இப்போதே விண்ணப்பம் போடச் சொல்லிப் பள்ளியில் அனுப்பியிருந்தார்கள். கடையில் கூட்டம். வரிசை நகர்ந்து வந்து என் மேசைக்கு எதிரே நின்றவள் அந்த அம்மா.

கடைத்தெருவில் இந்த வேலை செய்கிற கடைகள் இன்னும் இரண்டு உண்டு. ஏன் இங்கே வந்தாள் என்று உடனே மனசு கேட்டது. உட்காரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். ஆதார் அட்டைகளை வாங்கி விவரங்களை அடிக்கத் தொடங்கினேன். வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கவில்லை.

"அன்னிக்கு ஏரில எங்களை யாரோ சொல்லிக் குடுத்துட்டாங்க" என்றாள், தெருவைப் பார்த்தபடி. "யாருனு தெரியல."

தெரியாமல் இருக்க வழியில்லை. ஒரு வகுப்பு முழுக்கக் கேட்ட செய்தி அது. அவள் மகள் அந்த வகுப்பில்தான் இருக்கிறாள். அவள் அறிந்திருப்பாள் என்று எனக்குத் தெரியும் என்பதும் அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். என்னை நோட்டம் பார்க்கிறாளா, நான் தப்பித்துக்கொள்ள இடம் விடுகிறாளா? பாய் கல்லாவிலிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தாங்க" என்றேன்.

அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது.

"அத்த வுடு. ஸ்கூல் பேரு அடிச்சிட்டியா? முழுசா அடிக்கணுமாம். பாதி அடிச்சா எம் பொண்ணு சண்டைக்கு வருவா."

படிக்கும் பள்ளி என்ற கட்டத்தில் முழுப் பேரையும் அடித்தேன். ஊர், வட்டம், மாவட்டம் வரை. அவளுக்கு எழுத்துத் தெரியாது என்பது கைரேகை வைக்க அவள் கையை நீட்டி வைத்திருந்ததிலேயே தெரிந்தது. ஆனால் எழுந்து, மேசையைச் சுற்றி என் பக்கம் வந்து, திரைக்கு நேராகக் குனிந்தாள்.

"இதானா?"

"இதான்."

அந்தப் பேரின்மேல் விரலை வைத்தாள். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை மெதுவாக நகர்த்தினாள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அவள் விரலை எடுக்கும்வரை நான் சமர்ப்பிக்கும் பொத்தானை அழுத்தவில்லை.